படம் 47: செங்காந்தள்

பழைய பாடப்புத்தகப் படங்களைப் பார்த்து ஆயில் பெயிண்டில் பெரிதாக வரைகிறேன் என்று சொன்னால், அடுத்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "செடியே இருக்கும்போது எதற்குச் செடியின் படத்தைப் பார்த்து வரைய வேண்டும்?" உறவுக்காரர்கள் கேட்கிறார்கள், ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் கேட்கிறார்கள், ஃப்ரேம் போடும் கடைக்காரரும் கேட்டுவிட்டார். நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடும் பதில் என்னிடம் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிராயிங் போர்டு, ட்ரேசிங் பேப்பர், ரோட்ரிங் பேனா என்று ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேடில் முடிந்தது என் காலம். ஒரு பம்பை நடுவில் வெட்டினால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று காட்டுவதுதான் அன்றாட வேலை. வெட்டுப்பட்ட உலோகத்தை 45 டிகிரி சாய்கோடுகளால் நிரப்புவோம். நடுவில் ஓடும் ஷாஃப்டை மட்டும் நீளவாக்கில் வெட்டாமல் முழுசாக விட்டுவிடுவோம். அது எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம். அப்படி வெட்டிய பம்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் படத்தை வைத்துத்தான் பம்ப் செய்கிறார்கள், தண்ணீரும் வருகிறது.

ஆகவே, வரைபடம் என்பது பொருளைவிட ஒரு படி கீழே என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இதைக் காட்டலாம், இதை விட்டுவிடலாம், இதை வெட்டலாம், இதை வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். நல்ல வரைபடத்தில் அந்த முடிவுகளைப் பார்க்கலாம். என்னை இழுப்பது அதுதான்.

செங்காந்தள் படம் கிடைத்தது உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில். அட்டையும் முன்பக்கங்களும் போன தாவரவியல் புத்தகம், தமிழ் வழியில் படித்தவர்களுக்கானது. எழுதியவர் பெயர், அச்சகம், ஆண்டு எதுவும் இல்லை. ஆனால் எழுத்தைப் பார்த்தால் ஓரளவு வயது தெரியும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய லை, னை, றா எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் 47ஆம் படம் செங்காந்தள். இடப்பக்கம் மேலே ஏறும் கொடி, நுனியில் மொட்டு, அதற்குக் கீழே விரிந்த பூ. வலப்பக்கம் பூவின் நெடுக்குவெட்டு. அடியில் சூலகத்தின் குறுக்குவெட்டு, மூன்று அறைகளோடு. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு புள்ளிக்கோடு கிளம்பிப் பெயரில் போய் முடிகிறது.

செங்காந்தளின் இலை நுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருளும். அதைக் கொண்டுதான் கொடி வேலியைப் பிடித்து ஏறுகிறது. படத்தில் அந்தச் சுருளுக்குப் பக்கத்திலேயே 'இலை' என்று அச்சாகியிருக்கிறது, பழைய லையோடு. யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து திரும்பும் அந்த எழுத்தின் வளைவும் பற்றுக்கம்பியின் வளைவும் கிட்டத்தட்ட ஒரே கோடு. படம் வரைந்தவர் வேறு, எழுத்தைக் கோத்த கம்பாசிட்டர் வேறு. இரண்டும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கின்றன. இதை வரைந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தைப் பார்த்துத்தான். நிஜச் செடியில் இது கிடையாது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் துத்தநாகத் தகட்டில் எடுத்த பிளாக்குகள். கோடு மேடாக நிற்கும், மற்ற இடத்தை ஆசிட் அரித்துவிடும். மேட்டில் மை தடவி, ஈய எழுத்துகளோடு சேர்த்து வைத்துக் காகிதத்தில் அழுத்துவார்கள். அழுத்தும்போது மை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கும். அதனால் ஒவ்வொரு கோடும் இரு கரையிலும் கருப்பு, நடுவில் கொஞ்சம் வெளிறிய நிறம். பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் விரலை ஓட்டினால் கோடு தட்டுப்படும். கம்ப்யூட்டர் பிரிண்டில் இந்தக் கரை இல்லை, இந்த மேடும் இல்லை.

கேன்வாஸில் நான் கொண்டுவர நினைப்பது இதையும்தான். புத்தகத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கோடு, மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸுக்குப் பெரிதாகும்போது சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்துவிடும். அப்போது அதற்குக் கரையும் நடுவும் வந்துவிடுகிறது, வெளிச்சமும் நிறமும் வந்துவிடுகிறது. கோடாக இருந்தது பொருளாகிவிடுகிறது. அதைக் கருப்பால் நிரப்பிவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

கருப்பு ட்யூபை நான் தொடுவதும் இல்லை. பர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் கலந்து வைத்துக்கொள்கிறேன். அம்பர் கூடினால் கோடு சூடாகும், நீலம் கூடினால் குளிரும். பிதுங்கிய கரைக்கு நீலம் தூக்கலாக, நடுவுக்கு அம்பர் தூக்கலாக. இதில் வேலைக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு: அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும். ஐவரி பிளாக் அப்படிக் காயாது, ஈரமாகவே கிடக்கும். ஐப்பசி மழையில் கோவையிலும் காற்று ஈரமாகிவிடுகிற நாட்களில் இந்த வித்தியாசம் பெரிது.

அடுத்தது காகிதம். பழைய காகிதம் மஞ்சள் என்று சொல்லிவிடுகிறோம், வரைய உட்கார்ந்தால்தான் மஞ்சள் எவ்வளவு குறைவு என்று தெரிகிறது. நடுப்பக்கம் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. ஓரம் நெருங்க நெருங்கத்தான் பழுப்பு ஏறுகிறது, ஏனென்றால் காற்றும் வெளிச்சமும் பட்டது அங்கேதான். தைத்த பக்கத்தை ஒட்டி மெல்லிய ஊதா நிழல். டைட்டானியம் வெள்ளையில் யெல்லோ ஓக்கர் கொஞ்சம், ரா அம்பர் அதைவிடக் கொஞ்சம், நிழலில் மட்டும் துளி ஊதா. பூவைவிடக் காகிதத்துக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை, பரவாயில்லை. காகிதம் சரியாக வரவில்லையென்றால் கோடு அதன்மேல் உட்காராது.

கோடு போடக் கற்றுக்கொண்டது ஒரு போர்டு எழுதுகிற அண்ணனிடம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் டவுன்ஹால் பக்கத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகள் பலவும் அவர் கையால் எழுதியவை. நீளமுடி பிரஷ், பலகையில் சாய்த்துக் கையைத் தாங்கிக்கொள்ளத் துணி சுற்றிய ஒரு குச்சி. டிராஃப்ட்ஸ்மேன் கை என்றாலும் எனக்கு ஸ்கேல் வைத்துத்தான் பழக்கம், ஃப்ரீஹேண்டில் நீண்ட வளைவு போட்டால் பாதியில் நடுங்கும். பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்னார்:

"பிரஷ் நுனியப் பாக்காதீங்க சார். கோடு எங்க போயி முடியணுமோ, கண்ணு மொதல்ல அங்க போயிரணும். கை பின்னாலயே வந்துரும்."

வந்தது. பெயிண்டில் டர்பன்டைனும் லின்சீட் எண்ணெயும் எந்த அளவுக்கு இருந்தால் பிரஷ் இழுக்காமல் ஓடும் என்பதை அவர் நிறத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார், சத்தத்தை வைத்துச் சொல்வார். கேன்வாஸில் 'சரசர'வென்று கேட்டால் கெட்டி. சத்தமே இல்லாமல் போனால் சரி. புள்ளிக்கோடு போடுவது இன்னும் சிரமம். ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவாக இருந்தால் எந்திரம் போட்டதுபோல் ஆகிவிடும், ஆளுக்கொரு அளவாக இருந்தால் பெயரை நோக்கிப் போகாமல் தொலைந்துவிடும்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது மூலனூர்ப் பக்கம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் செங்காந்தளை வயலில் பயிர் செய்கிறார்கள். அங்கே அதன் பெயர் கண்வலிக்கிழங்கு. விதையில் கோல்ச்சிசின் இருக்கிறது. மூட்டுவாத வலியான கௌட்டுக்கு மருந்து. அதனால் விதைக்கு வெளிநாட்டு விலை. கம்பிப் பந்தலும் முள்ளுப் படலும் கட்டிக் கொடியை ஏற்றியிருப்பார்கள். பூக்கிற பருவத்தில் காலையில் போனால் வரப்பு நெடுக நெருப்பு வைத்த நிறம்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். மச்சான் எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, காடு பூராப் பூவு நிக்குது. நீ அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டிருக்கற?"

படத்தை அவரிடம் காட்டினேன். நெடுக்குவெட்டில் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மகரந்தப்பைகளிடமிருந்து அது விலகிப் போகிறது. மச்சான் பார்த்த உடனே, "அட, இதுக்குத்தானே நாங்க காலங்காத்தால எந்திரிச்சு ஓடறோம்" என்றார். அவர்கள் தினமும் பூ பூவாகப் போய் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் வைக்கிறார்கள். தானாகச் சேர்வது குறைவு என்பதால் கையால் சேர்த்துவிட்டால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். ஒரு வயலில் இருக்கும் அத்தனை பேரின் காலை வேலைக்கும் காரணம் அந்தப் படத்தில் ஒரே ஒரு மடிப்பு. வயலில் பார்த்தால் ஆறு இதழும் ஆறு மகரந்தத் தாளும் சேர்ந்து கண்ணை நிறைத்துவிடுகின்றன, அந்த மடிப்பு எட்டு விஷயத்தில் ஒன்றாகிவிடுகிறது. வரைந்தவர் அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.

ஆனால் வயலில் உட்கார்ந்த பிறகு எனக்கு வேறொரு சிக்கல் தெரிந்தது. செங்காந்தளுக்கு ஒரு நிறம் கிடையாது. மொட்டு பச்சை. விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், அடியில் மஞ்சள் நிற்கும். நாளாக ஆக மஞ்சளும் போய் முழுச்சிவப்பு. ஒரே கொடியில் மேலும் கீழுமாக இத்தனையும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. புத்தகத்தில் இருப்பது கருப்பு மையில் ஒரு பூ. அது எந்த நாள் பூ? எந்த நாளும் இல்லை. முதல் நாளுக்கும் பொருந்தும், கடைசி நாளுக்கும் பொருந்தும். அது மூலனூரில் நிற்கும் ஒரு செடி இல்லை. செங்காந்தள் என்ற இனம் முழுவதற்குமான படம். அதில் காலை மாலை இல்லை, தரை இல்லை, தரையில் விழும் நிழல் இல்லை.

ஆயில் பெயிண்டால் அப்படி இருக்க முடியாது. சிவப்பை எடுத்து வைத்த உடனே அது ஒரு நாளின் சிவப்பு. பக்கத்தில் வெளிச்சம் வைத்தால் அது ஒரு வேளையின் வெளிச்சம். எல்லா நாளுக்குமான படத்தை, ஒரு நாளைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாத பெயிண்டில் வரைவது எப்படி? இந்த இழுபறிதான் எனக்கு வேலை. நேராகச் செடியைப் பார்த்து வரைந்தால் இந்த இழுபறி இல்லை. நல்ல பூப்படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இந்த வழியில் எனக்கு முன்னால் போனவர்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது டச்சு ஓவியர் வான்கோவை. சூரியகாந்தியும் நட்சத்திர இரவும் எல்லோருக்கும் தெரியும். அவர் அச்சுப்படங்களைப் பார்த்து எவ்வளவு வரைந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லண்டன் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிச் சேர்த்தவர் அவர். 1887இல் பாரிஸில் இருந்தபோது ஹிரோஷிகேயின் இரண்டு ஜப்பானிய அச்சுப்படங்களை ஆயிலில் வரைந்தார். ஒன்று பூத்த மரம், இன்னொன்று மழையில் பாலம். மரத்தின் படத்தை அவர் ட்ரேசிங் எடுத்துக் கட்டம் போட்ட தாள் இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டங்களைப் பார்த்தபோது எனக்கு மவுண்ட் ரோடு சினிமா பேனர்கள்தான் நினைவுக்கு வந்தன. கையகல ஸ்டில் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாகத் துணியில் போட்டு முகத்தைத் தூக்கி நிறுத்தினார்களே, அதே முறை.

இரண்டு வருடம் கழித்து, 1889இல், சென் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது இதையே முழுமூச்சாகச் செய்தார். வெளியே போய் வரைய முடியாத நாட்களில் மில்லே, டெலக்ரூவா ஆகிய பிரெஞ்சு ஓவியர்களின் ஓவியங்களிலிருந்து எடுத்த கருப்பு வெள்ளை அச்சுப்படங்களை முன்னால் வைத்துக்கொண்டார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், இசையமைப்பாளர் எழுதியதைக் கலைஞர் தன் கையால் வாசிப்பது போன்றது இது என்கிறார். தன் விரல்களுக்கு நடுவே பிரஷ் வயலின் வில் போலப் போய்வருகிறது என்கிறார். கருப்பு வெள்ளையைத் தந்தவர் ஒருவர், நிறத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் இவர்.

1890 பிப்ரவரியில் வரைந்த கைதிகள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலம், லண்டன் நியூகேட் சிறை முற்றத்தில் கைதிகள் வட்டமாக நடப்பதைக் குஸ்தாவ் தோரே வரைந்து 1872இல் புத்தகமாக வந்த மரச்செதுக்குப் படம். மரச்செதுக்கில் சாம்பல் நிறமே கிடையாது. நெருக்கமான கோடு என்றால் இருட்டு, விலகிய கோடு என்றால் வெளிச்சம். வான்கோ அந்தக் கோடுகளைத் தேய்த்து மழுப்பவில்லை. சுவரின் செங்கல் வரிசையிலும் தரையிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் பதிலாக ஒரு பிரஷ் இழுப்பு, நீலமும் பச்சையும் மண்நிறமுமாக. செதுக்குளி போன திசையில் பெயிண்ட் போகிறது. நிறம் வந்த பிறகும் அது அச்சுப்படம்தான் என்பது மறையவில்லை. நான் என் கோட்டின் கரையையும் நடுவையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தைரியம் இந்தப் படத்திலிருந்து வந்தது.

இறந்த இயேசுவோடு மரியாள் இருக்கும் டெலக்ரூவாவின் பியத்தாவை வான்கோ வரைந்தது, நாந்தேய் என்பவர் எடுத்த லித்தோகிராஃபை, அதாவது கல்லச்சுப் படத்தைப் பார்த்து. அந்தத் தாள் எண்ணெயிலும் பெயிண்டிலும் விழுந்து பாழானதை வருத்தத்தோடு தம்பிக்கு எழுதுகிறார். அதன் பிறகுதான் அந்தப் படத்தை வரைகிறார். அச்சில் இடவலம் மாறியிருந்ததால் வான்கோவின் படமும் மூலத்துக்குக் கண்ணாடி பிம்பமாக வந்தது.

இந்த இடவலம் மாறுவது தாவரப் படங்களில் விளையாட்டு இல்லை. கல்லில் நேராக வரைந்தால் காகிதத்தில் இடவலமாகத் திரும்பும். அதற்காகத்தான் திருப்பி வரைவார்கள், அல்லது இடைத்தாளில் வரைந்து கல்லுக்கு மாற்றுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் கொடி எதிர்ப்பக்கம் சுற்றும். பெருவள்ளிக்கிழங்கின் கொடி ஒரு பக்கம் சுற்றும், சிறுவள்ளிக்கிழங்கின் கொடி அதற்கு எதிர்ப்பக்கம். கிழங்கைத் தோண்டாமலே இனத்தைப் பிரிக்க அது ஒரு அடையாளம். படம் திரும்பிவிட்டால் ஒரு கிழங்கு இன்னொரு கிழங்காகிவிடும். புரொஜெக்டர் வைத்து அவுட்லைன் எடுக்கிறவர்கள் ஸ்லைடை எந்தப் பக்கம் போட்டோம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

வான்கோவுக்கு இன்னொரு விஷயத்திலும் கடன்பட்டிருக்கிறேன். அவர் விரும்பிய சில சிவப்புகள் நிற்கவில்லை. படுக்கையறை ஓவியத்தில் சுவர் இப்போது நீலம். அவர் வைத்தது ஊதா, அதிலிருந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப்போனது. அச்சுப்படங்களின் கருப்பு மை அப்படியே நிற்க, அவர் வைத்த நிறம் போய்விட்டது. செங்காந்தளுக்கு அலிஸரின் கிரிம்ஸன் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதுவும் வெளிச்சத்தில் நிற்காது. அதனால் காட்மியம் சிவப்பும் க்வினாக்ரிடோனும் வாங்குகிறேன். ட்யூப் விலை கை கடிக்கிறது. இதில் மிச்சம் பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

வரைபடத்தையே ஓவியமாக்கியவர்கள் இருபதாம் நூற்றாண்டில் நிறையப் பேர். ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், முதல் உலகப்போர் முடிந்த கையோடு பள்ளிக்கூடப் பாடக்கருவி கேட்டலாகின் பக்கங்கள் மீதே வண்ணம் தீட்டினார். அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1962இல் செய்தது எனக்கு இன்னும் நெருக்கம். ஏர்ல் லோரன் என்ற பேராசிரியர், பிரெஞ்சு ஓவியர் செசானின் ஓவிய அமைப்பை விளக்க 1943இல் ஒரு நூல் எழுதினார். அதில் செசானின் மனைவி உருவத்தை வெறும் கோட்டுருவமாக்கி, அம்புக்குறிகள் போட்ட வரைபடம் ஒன்று இருக்கிறது. லிக்டென்ஸ்டைன் செசானை விட்டுவிட்டு அந்த வரைபடத்தைக் கேன்வாஸில் பெரிதாக வரைந்தார், அம்புக்குறியோடு. லோரனுக்குக் கோபம். எனக்கு இதில் லிக்டென்ஸ்டைன் பக்கம்தான் சாய்வு, ஆனால் முழுதாக இல்லை. அவருடைய கோட்டில் கை இல்லை, வேண்டுமென்றே எடுத்துவிட்டார். எனக்குக் கை வேண்டும், ஏனென்றால் மூலத்தில் ஒரு கை இருந்தது.

யார் கை என்பது சில சமயம் தெரியவும் செய்யும். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819இல் சென்னைக்கு வந்தார். 1840களில் அரசின் பருத்திச் சோதனைகளுக்காக எங்கள் கோவையிலும் இருந்தார். 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரங்களின் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்; மொத்தம் 2101 படங்கள், லித்தோ கல்லில் அச்சிட்டவை, நிறம் இல்லாதவை. அவருக்காக வரைந்தவர்கள் ருங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். பல படங்களின் அடியில் இவர்கள் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்து பெயரை வைட்டே வைத்தார். ருங்கையா பெயரைப் போலவே ஒலிக்கும் ருங்கியா என்ற பேரினமும் இருக்கிறது. வயல்வரப்பிலும் புல்தரையிலும் மண்டிக்கிடக்கும் சிறு செடிகள். இவர்களின் முகம் எப்படி இருந்தது, என்ன கூலி வாங்கினார்கள் என்று சாதாரண வாசகனுக்குச் சொல்ல யாருமில்லை. கோடு மட்டும் இருக்கிறது. இலை நரம்பு நடுநரம்பிலிருந்து பிரியும் இடத்தில் கோடு லேசாகத் தடித்து, பிறகு மெலிகிறது. அந்தத் தடிப்பில் பிரஷ் நின்று மூச்சு வாங்கியிருக்கிறது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் இந்தத் தொகுதிகளை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து வரையலாம்.

ஆக, செங்காந்தளை நான் எப்படி முடித்தேன் என்று சொல்கிறேன். காகிதத்துக்கு ஒரு வேளை கொடுத்தேன்: இடப்பக்க ஜன்னலிலிருந்து வரும் சாயங்கால வெளிச்சம், தையல் பக்கத்தில் நிழல். செடிக்குத் தரை கொடுக்கவில்லை, நிழலும் கொடுக்கவில்லை. நிழல் விழுந்தால் அது ஓரிடத்தில் நிற்கும் செடியாகிவிடும், புத்தகத்தில் இருக்காது. நெடுக்குவெட்டும் குறுக்குவெட்டும் கோடாகவே இருக்கின்றன, நிறமில்லை. வெட்டுமுகத்துக்கு நிறம் கொடுக்க என் தொழில் பழக்கம் விடவில்லை. நிறம் இருப்பது கொடியில் மட்டும். மொட்டுக்குப் பச்சை. விரிந்த ஒரே பூவில் ஆறு இதழ்களுக்கும் ஆறு வயது: முதல் இதழ் பச்சை மஞ்சள், சுற்றி வர வர நுனியில் சிவப்பு ஏறி, ஆறாவது முழுச்சிவப்பு. இப்படி ஒரு பூ எந்த வயலிலும் கிடையாது. நிறம் ஒவ்வொரு இதழிலும் ஒரு நாளைச் சொல்கிறது, பூ எல்லா நாளையும் சொல்கிறது. ஷாஃப்டை வெட்டாமல் விட்ட பம்ப் படத்தைப் போல இதுவும் ஒரு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மச்சான் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இதழாகத் தொட்டு, "இது மொத நா, இது மூணாம் நா" என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

எழுத்துகளையும் வரைந்திருக்கிறேன், பழைய லையோடு, பிதுங்கிய கரையோடு. 'படம் 47' என்பதும் இருக்கிறது. ஒரு நண்பர் எழுத்தை எடுத்துவிட்டால் வரவேற்பறையில் மாட்ட நன்றாக இருக்கும் என்றார். எடுக்க மாட்டேன். பெயரும் புள்ளிக்கோடும் போய்விட்டால் அந்த மடிந்த சூல்தண்டை யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது ஈஸலில் இருப்பது ருங்கியா. பூ நெல்மணி அளவுகூட வராது, படத்தில் அதைப் பெரிதாக்கிப் பக்கத்தில் தனியே காட்டியிருக்கிறார்கள். செடி ஓர் அளவில், பூ வேறோர் அளவில், இரண்டும் ஒரே வெள்ளைத் தாளில். டிராயிங்கில் என்றால் பக்கத்தில் ஸ்கேலை எழுதிவிட்டுப் போய்விடுவேன். பெயிண்டில் பெரிய பூ முன்னால் வந்து நிற்கிறது, செடி பின்னால் போய்விடுகிறது, தாள் தாளாக இல்லாமல் ஆழமாகிவிடுகிறது. பூவின் கோட்டையும் செடியின் கோட்டையும் ஒரே தடிமனில் வைத்தால் இரண்டும் தாளோடு ஒட்டி நிற்குமா என்று அடுத்த வாரம் ஒரு சின்ன கேன்வாஸில் போட்டுப் பார்க்கப் போகிறேன். வரப்பில் செடி எப்போதும் கிடைக்கும், ஒரு கொத்துப் பிடுங்கி டம்ளர் தண்ணீரில் வைத்திருக்கிறேன், நிறத்துக்காக.